ஒன்பது அங்குலம்

டெய்லரக்காவின் கடையில் கத்தரிக்கோல் இரண்டு. சின்னது ஊர்ப் பொது. அதில் நூல் நறுக்கலாம், காகிதம் வெட்டலாம், பக்கத்துக் கடைக்காரர் வந்து நகம் வெட்டிக்கொண்டு போனாலும் கேட்பாரில்லை. பெரியது அப்படியல்ல. கறுப்புப் பிடி போட்ட அந்த ஓரடிக் கத்தரிக்கோல் துணியைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. தொட்டால் வாய் மழுங்கிவிடும். ஒருமுறை அவள் கணவன் அதை எடுத்துக் காலண்டர் அட்டையை வெட்டிவிட்டு, இரண்டு நாள் வீட்டில் பேச ஆளில்லாமல் அலைந்தான். இப்போது அவன் கப்பலில் சமையல் வேலையில் இருக்கிறான். அங்கிருந்து போன் செய்யும்போதுகூட அந்தக் கத்தரிக்கோலை மரியாதையோடுதான் விசாரிப்பான்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஓர் அடுப்படி. அதுதான் வீடு. முன்னால் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு துணி அலமாரி. தெருவிலிருந்து ஒரு படி ஏறினால் வாசல். தெருமுனையில் கடல். அது அங்கே இருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை தெருவுக்குள் வந்து வீடு வீடாக நலம் விசாரித்துவிட்டுப் போவதுதான் தொல்லை. பெருமழையும் பெரிய அலையும் ஒரே நாளில் வந்தால் சாக்கடைத் தண்ணீர் கடலுக்குப் போகாது, கடல் சாக்கடை வழியாகத் தெருவுக்கு வந்துவிடும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி வந்தது மூன்று நாள் இடுப்பளவு நின்றது. தண்ணீர் வடியத் தொடங்குவதற்கு முன்பே டெய்லரக்கா ஒரு காரியம் செய்தாள். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த உயரத்தில், வாசல் நிலைக்கட்டையில், ஒரு பித்தளை ஆணியை அடித்தாள். சுற்றிலும் பாத்திரமும் செருப்பும் மிதந்துகொண்டிருக்க, இவள் மட்டும் சுத்தியலும் கையுமாக நின்றதைப் பார்த்தவர்கள் அவளுக்குக் கழன்றுவிட்டதோ என்று பயந்தார்கள்.

"நாளைக்கு எவனாவது வந்து முழங்கால் அளவுதான் வந்துச்சும்மான்னு சொல்லுவான். அப்ப காட்ட வேண்டாமா?" என்றாள்.

சொன்னபடியே ஒருவன் வந்து சொன்னான். இவளும் காட்டினாள். அன்றிலிருந்து ஐந்து வருஷம் மனு எழுதினாள். தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். மாநகராட்சி அலுவலகத்துக்கு அவள் நடந்த நடையில், அங்கே இருந்த பியூன் தன் பேன்ட்டை இடுப்பில் பிடிக்க அவளிடமே கொடுத்தனுப்பும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. கடைசியில் வேலை வந்தது. தெருவைப் புதிதாகப் போடுவார்கள், இரண்டு பக்கமும் நடைபாதை, நடைபாதைக்கு அடியில் ஆள் குனிந்து போகக்கூடிய பெரிய குழாய், குழாயின் கடல் முனையில் ஓர் இரும்புக் கதவு. கடல் ஏறினால் கதவு தானாக மூடிக்கொள்ளும். உத்தரவு வந்த அன்று அவள் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுச் சம்பந்தி தோற்றாள்.

குழாய் போட்டார்கள். நன்றாகத்தான் போட்டார்கள். அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கிய டெய்லரக்கா, வாசலில் கால் தடுக்கி விழப் பார்த்தாள்.

மஞ்சள் நைலான் கயிறு. தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, முளைக்கு முளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடைபாதையின் கான்கிரீட் எந்த உயரத்தில் வந்து முடியும் என்பதற்கு அடையாளம் அது. கயிறு அவள் வாசல்படியின் மேல்விளிம்பைவிட உயரத்தில் ஓடியது. அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள். மூன்று அங்குலம்.

அவள் தையல்காரி. மூன்று அங்குலம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நடைபாதை அவள் தரையைவிட உயரமாக வந்தால், இனிமேல் கடல் வரவே வேண்டாம். சாதாரண மழைக்கே தெருத் தண்ணீர் முழுதும் நேராக அவள் கடைக்குள் இறங்கும். மெஷின் மோட்டார் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கட்டில் இன்னும் தாழ்வு. தரையை உயர்த்தலாம் என்றால், கூரை ஏற்கெனவே கை எட்டும் உயரம். ஐந்து வருஷம் அலைந்து அவள் கேட்டு வாங்கிய வேலை அவள் பிழைப்பையே மூழ்கடிக்க வந்து நிற்கிறது.

காண்ட்ராக்டர் தெருவில்தான் நின்றிருந்தார். தலையில் போட வேண்டிய ஹெல்மெட்டை எப்போதும் அக்குளில் வைத்திருக்கும் மனிதர்.

"நடைபாதை என் வாசலைவிட உசரமா வருதே சார்?"

"நடைபாதை சரியாத்தான் வருது. உங்க கடைதான் தாழ்ந்து போயிருக்கு."

"என்னது?"

"கடலோர மண்ணும்மா. வருஷா வருஷம் கட்டடம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். டிராயிங்படி உங்க வாசல், நடைபாதைக்கு ஆறு அங்குலம் மேல இருக்கணும். இல்லேன்னா அதுக்கு நான் என்ன பண்றது? நோட்டீஸ் வரும், படிச்சுப் பாருங்க. தரையை உசத்திக்குங்க. நீங்கதானே இந்த வேலை வேணும் வேணும்னு நாலு பக்கம் சுத்தி வந்தீங்க?"

அந்தக் கடைசி வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் போனால் எதிராளி கொஞ்சம் பயப்பட வேண்டும் என்பது காண்ட்ராக்டருக்குத் தெரியாது.

நோட்டீஸ் மறுநாள் வந்தது. கடை கடையாகப் பட்டியல். பத்து வருஷத்துக்கு முன் எடுத்த சர்வேப் புத்தகத்தில் ஒவ்வொரு வாசலின் உயரம் என்ன, இப்போது அளந்தால் என்ன, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அச்சடித்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கயிறு கட்டிய அன்றே பயந்துபோய் ஆளை விட்டுத் தரையை ஓரடி உயர்த்திவிட்டார். அதன் பலனாக, மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார்.

"எதுக்கு வம்பு டெய்லரக்கா? அவங்க படிச்சவங்க, மெஷின் வெச்சுப் பாக்கறாங்க. நாம சொன்னா எடுபடுமா?" என்றார்.

டெய்லரக்கா நோட்டீஸை ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு வாசலாகக் குனிந்து குனிந்து அளந்துகொண்டே போனாள். ஆறு அங்குலம் மேலே இருக்க வேண்டியது மூன்று கீழே கிடந்தால் கூட்டினால் ஒன்பது. செருப்புக்கடை, ஒன்பது அங்குலம் தாழ்வு. மருந்துக்கடையின் பழைய படி, ஒன்பது. பூட்டிக் கிடக்கும் சைக்கிள் கடை, ஒன்பது. கட்டி நாலு வருஷம்கூட ஆகாத, அதே பழைய அஸ்திவாரத்தில் நிற்கும் மாடிக் கட்டடம், அதுவும் ஒன்பது.

"கடலோர மண்ணு தாழும், ஒத்துக்கறேன்" என்று மருந்துக்கடை வாசலில் நின்று உரக்கச் சொன்னாள். "ஆனா டேப் வெச்சு அளந்து அளந்தா தாழும்? இருபத்தி மூணு கடையும் பேசி வெச்ச மாதிரி ஒரே அளவு தாழ்ந்திருக்கு. யார் காதுல பூ சுத்தறாங்க?"

அன்று சாயங்காலம் அவள் தம்பி வந்தான். கொத்தனார். மூன்று வாரமாக இதே காண்ட்ராக்டரிடம்தான் வேலை. எட்டு மாதம் சும்மா இருந்தபின் கிடைத்த வேலை என்பதால், அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் பாதி டீக்கு மேல் இறங்கவில்லை.

"அக்கா, இந்த விஷயத்துல நீ வாயக் கொடுக்காத. மெஷின் பொய் சொல்லாது."

"டேப்பும் பொய் சொல்லாதுடா. போன வருஷம் ஒரு பொண்ணு கல்யாணத்துக்குப் பாவாடை தைக்கக் குடுத்தா. நானே இடுப்புல இருந்து தரை வரைக்கும் அளந்தேன். தைச்சுக் குடுத்தா, ரெண்டு அங்குலம் தரையில இழுபடுது. ஏன்? அளக்க வந்த அன்னைக்கு அவ குதிகால் செருப்பு போட்டிருந்தா. நான் கவனிக்கல. டேப் சரி, அளவு சரி, அவ நின்ன இடம் தப்பு." அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "உங்க மெஷின் எந்தச் செருப்பு மேல நின்னு அளந்துச்சு? அதச் சொல்லு."

"அது எங்கயோ நின்னு அளக்கறது இல்லக்கா. ஒரு குறியில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. அந்தக் குறி இவ்வளவு உசரம்னு புத்தகத்துல இருக்கும். முன்னால ரெண்டு குறி இருந்துச்சாம். ஒண்ணு பழைய பாலத்துல. பாலத்தை இடிச்சப்ப அது போயிடுச்சு. இன்னொண்ணு நம்ம நூலகத்து அடிப்படி. கல்லுல ஒரு கோடு செதுக்கி, அதுக்குக் கீழ அம்புக்குறி போட்டிருக்கும். தினம் காலையில நான்தான் அதத் தண்ணி ஊத்தித் துடைச்சு விடறேன். அதுல இருந்துதான் தெரு முழுக்க..."

கொத்தனார் டீக் கிளாஸைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. வேலை இருக்கு" என்று கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். பிறந்ததிலிருந்து பார்க்கும் தம்பி. அவன் ஒண்ணுமில்லை என்றால் என்னவோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டான் என்பதும் தெரியும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கான்கிரீட் லாரி தெருவுக்குள் வந்தது. வயிறு சுழலச் சுழல, கரகரவென்று இரைந்துகொண்டு, பின்பக்கமாக நகர்ந்து, டெய்லரக்கா கடைக்கு நேராக வந்து நின்றது. கான்கிரீட் ஊற்றுவது அங்கிருந்துதான் தொடக்கம். நடைபாதைக்காக வெட்டி, கம்பி கட்டி வைத்திருந்த இடத்தில், சரியாகக் கயிற்றுக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் டெய்லரக்கா. மடியில் யாருடைய சட்டையோ. பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எழுந்திரிங்க!" காண்ட்ராக்டருக்குக் குரல் கீச்சிட்டது. "லாரி நிக்குது பாருங்க!"

"நிக்கட்டும். நானா வரச் சொன்னேன்?"

"உங்க மேல ஊத்திடுவாங்க!"

"ஊத்தச் சொல்லுங்க. ஒரேயடியா சிலையா நிக்கறேன். கீழ உங்க பேரையும் போட்டுக்கலாம்."

லாரி டிரைவர் சிரித்துவிட்டு, காண்ட்ராக்டரின் பார்வை பட்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். செருப்புக்கடைக்காரர் வெளியே வந்தார். மாடிக் கட்டடத்து ஜன்னல்கள் திறந்தன. மருந்துக்கடைக்காரர் மட்டும் தன் உயர்ந்த தரையில், தலை நிலையில் இடிக்காமல் குனிந்து நின்று வேடிக்கை பார்த்தார். காண்ட்ராக்டர் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்கச் சொன்னார். அதில் ஒருவன் கொத்தனார். அவன் வந்து அக்காவுக்கு முன்னால் நின்றான். தூக்கவில்லை. மற்றவன் அவனைப் பார்த்துவிட்டுத் தானும் கையைக் கட்டிக்கொண்டான்.

அந்த நேரத்துக்கு மாநகராட்சி இன்ஜினியர் வந்து சேர்ந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சேறு அப்பிய காலணி. தூங்காத கண். நல்ல பெண் போலத்தான் இருந்தாள். அதுவே டெய்லரக்காவுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. கெட்டவர்களிடம் சண்டை போடுவது சுலபம்.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா அளவெல்லாம் நான் ரெண்டு தடவை சரி பார்த்தேன். தப்பு இல்ல."

"உங்க அளவு தப்புன்னு நான் சொல்லவே இல்ல மேடம். நீங்க ஆரம்பிச்ச இடம் தப்புன்னு சொல்றேன். தாழ்ந்தது எங்க இருபத்தி மூணு கடையா, இல்ல உங்க ஒரு கல்லு ஏறியிருக்கா? ரெண்டுல எது நடக்கக் கூடியது?"

"கல் எப்படிம்மா ஏறும்?"

"அது எனக்குத் தெரியாது. பாத்துடலாமா?" டெய்லரக்கா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு, திரும்பி, வாசல் நிலையில் இருந்த பித்தளை ஆணியைக் காட்டினாள். "எட்டு வருஷம் முன்னாடி தண்ணி இங்க நின்னுச்சு. அதே வெள்ளம் எதிர்ல நூலகத்துச் சுவத்துலயும் நின்னுச்சு. நூலகர் அங்க ஒரு சிவப்புக் கோடு போட்டுத் தேதி எழுதி வெச்சிருக்காரு. ஒவ்வொரு தடவை வெள்ளையடிக்கும்போதும் அந்த இடத்துல பிரஷ் படவிட மாட்டாரு. நின்ன தண்ணி எல்லா இடத்துலயும் ஒரே மட்டம்தானே? என் கடை ஒன்பது அங்குலம் இறங்கியிருந்தா, என் ஆணியும் கூடவே இறங்கியிருக்கணும். அந்தக் கோட்டையும் இந்த ஆணியையும் மட்டம் பாருங்க. ஆணி கீழ இருந்துச்சுன்னா நான் நாற்காலியத் தூக்கிட்டுப் போறேன். என் கையாலயே தரையை உசத்திக்கறேன்."

இன்ஜினியர் ஆணியைப் பார்த்தாள். எதிரே நூலகத்துச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் தூக்கம் கலைந்தது.

"பத்து நிமிஷம்" என்றாள் காண்ட்ராக்டரிடம்.

"மேடம், லாரியில மால் இறுகிடும்!"

"சுத்திக்கிட்டே இருக்கச் சொல்லுங்க."

முக்காலி வைத்த கருவி தெருமுனையில் இருந்தது. டெய்லரக்கா அது வேண்டாம் என்றுவிட்டாள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் போதும் என்றாள். ஒரு முனையில் தண்ணீர் எந்த உயரமோ, மறுமுனையிலும் அதே உயரம்தான். அதற்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். கொத்தனார் குழாயைத் தோளில் சுற்றி எடுத்து வந்தான். ஒரு முனையை அக்காவிடம் கொடுத்தான்.

"நீ இந்தப் பக்கம் பிடி, நான் நூலகத்துக்குப் போறேன்" என்றான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

டெய்லரக்கா குழாயை ஆணியோடு சேர்த்துப் பிடித்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் தம்பி சிவப்புக் கோட்டின் மேல் மறுமுனையைப் பிடித்திருந்தான். பக்கத்தில் நூலகர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கூடியவன் தம்பி ஒருவன்தான். காண்ட்ராக்டர் வேகமாகத் தெருவைத் தாண்டிப் போவது தெரிந்தது. போய் தம்பியின் தோளில் கையைப் போட்டார். குனிந்து காதில் ஏதோ சொன்னார். லாரி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

குழாயில் தண்ணீர் ஏறி, இறங்கி, ஆடி, மெதுவாக ஓய்ந்தது. டெய்லரக்கா தன் முனையைச் சிறிது தாழ்த்தி, தண்ணீரின் விளிம்பை ஆணியின் நடுத்தலையில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஆணியில நிக்குதுடா!" என்று கத்தினாள். "அங்க சொல்லு!"

தம்பியின் தோளில் அந்தக் கை இன்னும் இருந்தது. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவன், வீட்டில் பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தவன், அவளுக்குத் தெரியும். கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நிமிஷம் அவளுக்குக் கடை மறந்துவிட்டது. என் தம்பி பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்பது மட்டும்தான் இருந்தது.

கொத்தனார் தோளை ஒரு குலுக்குக் குலுக்கிக் காண்ட்ராக்டரின் கையைத் தள்ளினான்.

"மட்டம்!" என்று தெரு அதிரக் கத்தினான். "கோட்டுலயே நிக்குது! மயிரிழை வித்தியாசம் இல்ல!"

இன்ஜினியர் ஓடிப்போய்த் தானே குனிந்து பார்த்தாள். திரும்பி வந்து ஆணியையும் பார்த்தாள். குறிப்பேட்டை மூடினாள்.

"நூலகமும் சேர்ந்து இறங்கியிருக்கும் மேடம்" என்றார் காண்ட்ராக்டர்.

"அப்ப நூலகத்துப் படியும் இறங்கியிருக்கணும் சார். அதுல இருக்கற குறியும் இறங்கியிருக்கணும். எப்படிப் பார்த்தாலும் கணக்கு இடிக்குதே." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "கல் எப்படி..."

"கல்லு தானா ஏறல மேடம்."

கொத்தனார் கடப்பாரையோடு வந்துகொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது, ஆனால் நடையில் தடுமாற்றம் இல்லை.

"ஏத்தினது நான்தான். வெள்ளம் வந்ததுக்கு மறு வருஷம் நூலகத்துப் படி வேலை எனக்குத்தான் வந்துச்சு. தெருவ மேல மேல போட்டு, அடிப்படி மண்ணுக்குள்ள போயிடுச்சு. நல்ல கல்லு மேடம். ஒரு சிராய்ப்பு கிடையாது. அம்புக்குறி வேற அழகா செதுக்கியிருந்துச்சு. இவ்வளவு நல்ல கல்ல மண்ணுல புதைக்கறதான்னு மனசு கேக்கல. பேத்து எடுத்து, அடியில செங்கல் வெச்சு, மேல ஏத்திப் பதிச்சேன். அம்புக்குறி நேரா தெரியணும்னு வெளிப்பக்கமா திருப்பி வேற வெச்சேன். அது என்னத்துக்குன்னு எனக்குத் தெரியாது. எவனும் சொல்லல, நானும் கேக்கல."

சொல்லிவிட்டு யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் கடப்பாரையைப் படியின் இடுக்கில் செருகி நெம்பினான். ஏழு வருஷக் கலவை பிடிவாதம் பிடித்தது. அவன் அதைவிடப் பிடிவாதம் பிடித்தான். கல் ஒரு முனகலோடு கிளம்பிப் புரண்டது. அடியில் செங்கல். ஒவ்வொரு வரிசையாகப் பேர்த்துத் தெருவில் வீசினான். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது வரிசைக்குக் கீழே, பழைய சுண்ணாம்புப் படுகையில், அந்தக் கல் முன்பு உட்கார்ந்திருந்த இடம் அச்சு மாறாமல் பள்ளமாகத் தெரிந்தது.

இன்ஜினியர் மண்டியிட்டு அளவுகோலை வைத்தாள். அவள் சொல்வதற்கு முன்பே தெருவே சொல்லிவிட்டது.

"ஒன்பது!"

மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கினார். நிலையில் இடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்குச் சிரிக்காதவர் அந்தத் தெருவில் காண்ட்ராக்டர் ஒருவர்தான். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்!"

"நாளைக்கு என்ன நாளைக்கு? இப்பவே போறேன்" என்றான் கொத்தனார். "கடப்பாரை உங்களுது. இந்தாங்க."

அவன் நீட்டிய கடப்பாரையை வாங்கிக்கொள்ளாமல் இருக்கவும் முடியாமல், வாங்கி என்ன செய்வது என்றும் தெரியாமல், ஒரு கையில் அதுவும் அக்குளில் ஹெல்மெட்டுமாகக் காண்ட்ராக்டர் நின்றார். இன்ஜினியர் லாரி டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கொண்டுபோய் கிடங்கில் சாக்கடைக்கு மூடிப் பலகை வார்க்கும் அச்சுகளில் கொட்டச் சொன்னாள். இன்றைக்கு இங்கே ஒரு சட்டி கலவைகூட விழக் கூடாது, கயிற்றை ஒன்பது அங்குலம் இறக்கிக் கட்டிவிட்டுத் தெரு முழுதும் தானே மறுபடி பார்த்த பிறகுதான் கான்கிரீட் என்றாள். நோட்டீஸை என்ன செய்வது என்று செருப்புக்கடைக்காரர் கேட்டார். கிழித்துப் போடுங்கள் என்றாள். என் தரையை என்ன செய்வது என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு மட்டும் குறிப்பேட்டைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

டெய்லரக்கா தம்பியிடம் போனாள்.

"நேத்து சாயங்காலமே உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்ல?"

"தெரிஞ்சுபோச்சு."

"டீயக்கூட குடிக்காம ஓடினியே. தூங்கினியா?"

"இல்லக்கா."

"நல்லா வேணும் உனக்கு." அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். "நல்ல கல்லாம், மனசு கேக்கலையாம். உள்ள போய் சாப்பிடு. அடுப்புல இருக்கு."

வேலையாட்கள் இருவர் வந்து அவள் வாசலுக்கு முன்னால் இருந்த முளையில் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். மூன்று நாள் வெயிலில் முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் நுழையவில்லை. ஒருவன் பல்லால் கடித்துப் பார்த்தான்.

"அவிழ்க்காதீங்க, இருங்க" என்றாள் டெய்லரக்கா.

உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து தட்டோடு எட்டிப் பார்த்த கொத்தனார், அக்கா மேசை டிராயரைத் திறந்து எதை எடுக்கிறாள் என்று கண்டதும் பதறிப்போனான்.

"அக்கா! அது துணிக் கத்தரி! சின்னது அங்க இருக்கு பாரு!"

"எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா."

வாசலில் வந்து நின்றாள். தன் படிக்கு மூன்று அங்குலம் மேலே விறைத்துக்கொண்டு ஓடிய அந்த மஞ்சள் கயிற்றை, கறுப்புப் பிடிக் கத்தரிக்கோலின் வாய்க்குள் கொடுத்தாள். நைலான் கொஞ்சம் திமிறியது. அழுத்தினாள். டப்பென்று அறுந்து இரண்டு பக்கமும் சுருண்டு ஓடிச் சேற்றில் விழுந்தது.

கத்தரிக்கோலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வாயில் சின்னதாக ஒரு பல் விழுந்திருந்தது.

"போச்சா?" என்றான் தம்பி, வாயில் சோற்றோடு.

"இதச் சாணை பிடிச்சுக்கலாம்" என்றாள் டெய்லரக்கா. பிறகு கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, வாசல்படி விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஆறு அங்குலம் அளந்து, சாக்குக்கட்டியால் அழுத்தமாக ஒரு கோடு கிழித்தாள். "கயிறு இங்க. இதுக்கு மேல ஒரு நூல் வந்தாலும் நாற்காலி திரும்ப வரும்."